31 நாள் உண்டியலும் ஒரு பகா எண்ணும்



இந்த ஆண்டு கல்வி உதவித்தொகைக்கான நேர்காணலில், நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு மாணவி பி.எஸ்ஸி. கணிதம் படிக்க உதவி கேட்டு வந்திருந்தார். உடன் வந்த அவருடைய வாப்பாவுக்கே அதில் விருப்பமில்லை. "கணக்குப் படிச்சு என்ன பிரயோஜனம், பாய்? பி.காம். சேரச் சொன்னா கேக்க மாட்டேங்குறா" என்றார். குழுவில் இருந்த எங்களில் இருவர் அதையே வேறு வார்த்தைகளில் சொன்னோம். கணக்கில் என்னம்மா பிடிக்கும் என்று கேட்டோம். "பகா எண்கள்" என்றது பிள்ளை. அதனால் என்ன பயன் என்று மறுபடியும் கேட்டோம். பதில் வரவில்லை. விண்ணப்பத்தை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தோம்.

கேள்வி கேட்ட எங்களுக்கே அதன் பதில் தெரியாது என்பது வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது. பள்ளியில் படித்ததை நினைவுபடுத்திக்கொண்டும், கொஞ்சம் தேடிப் படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம். எல்லாப் பகா எண்களையும் பற்றி எழுத இடம் போதாது. ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்கிறோம்.

ஒரு சதக்கா உண்டியலை நினைத்துக்கொள்ளுங்கள். ஜனவரி 1-ஆம் தேதி அதில் ஒரு ரூபாய் போடுகிறீர்கள். 2-ஆம் தேதி 2 ரூபாய், 3-ஆம் தேதி 4, 4-ஆம் தேதி 8. இப்படி ஒவ்வொரு நாளும் முந்தைய நாளின் இரட்டிப்பு. முதல் வாரம் முடியும்போது உண்டியலில் 127 ரூபாய் இருக்கும். பத்து நாளில் 1,023. இருபது நாளில் பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். 31-ஆம் தேதி இரவு உண்டியலைத் திறந்தால் உள்ளே இருக்க வேண்டிய தொகை 2,14,74,83,647 ரூபாய். அதாவது 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. (யாரும் முயன்று பார்க்க வேண்டாம். மூன்றாவது வாரத்திலேயே வீட்டை விற்க வேண்டிவரும்.)

எந்த நாளில் நிறுத்தினாலும், மொத்தத் தொகை மறுநாள் போட வேண்டிய காசை விட ஒன்று குறைவாக இருக்கும். மூன்று நாளில் 1+2+4=7, நான்காம் நாள் காசு 8. எனவே 31 நாள் தொகை என்பது 2-ஐ 31 முறை பெருக்கி ஒன்றைக் கழித்தது. சதுரங்கப் பலகையின் 64 கட்டங்களிலும் இப்படி இரட்டித்துத் தானியம் வைத்தால் மொத்தம் எவ்வளவு என்ற பழைய கணக்கை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அல்பிரூனி துல்லியமாகப் போட்டு எழுதிவைத்தார்கள். அந்தப் பலகையின் முதல் 31 கட்டங்களில் இருப்பதும் நம் உண்டியல் தொகைதான்.

இனி பங்கு வைப்போம். ஃபித்ரா அரிசியைப் பங்கு போட்டவர்களுக்கு மிச்சம் விழும் தொல்லை தெரியும். நம் உண்டியல் பணத்தை இரண்டு பேருக்குச் சமமாகக் கொடுத்தால் ஒரு ரூபாய் மிச்சம். மூன்று பேருக்குக் கொடுத்தாலும் ஒன்று மிச்சம். ஐந்து பேருக்கு 2, ஏழு பேருக்கு 1, பதின்மூன்று பேருக்கு 10. ஊரையே கூட்டிவைத்துப் பங்கு போட்டாலும் சில்லறை மிஞ்சிக்கொண்டே இருக்கும். மிச்சமில்லாமல் தீர வேண்டுமானால் முழுவதையும் ஒருவரே வாங்கிக்கொள்ள வேண்டும், அல்லது 214 கோடிப் பேர் வந்து ஆளுக்கு ஒரு ரூபாய் எடுத்துக்கொண்டு போக வேண்டும். இப்படிப் பங்குக்கு இடம் கொடுக்காத எண்ணைத்தான் பகா எண் என்கிறோம். 2, 3, 5, 7, 11 எல்லாம் அந்தக் குடும்பம்தான். நம் எண் அதில் ஒரு பெரிய ஆள்.

இந்தக் குணம் இரட்டிப்பதால் மட்டும் வந்துவிடவில்லை. நம் ஹிஜ்ரி மாதத்துக்கு 31 நாள் கிடையாது, 29 அல்லது 30தான். 30 நாள் உண்டியல் வைத்தால் 107,37,41,823 ரூபாய் சேரும். அதை 3 பேருக்கும் பங்கிடலாம், 7 பேருக்கும் பங்கிடலாம், 11 பேருக்கும் பங்கிடலாம். ஒரு காசு மிஞ்சாது. பிறை தெரிந்து 29 நாளில் மாதம் முடிந்தால் 53,68,70,911 ரூபாய். இது ஏமாற்றுகிற எண். 3, 5, 7, 11, 13 என்று எதைக் கொண்டு வகுத்தாலும் மிச்சம் வரும். பகா எண்தான் என்று நம்பிவிடத் தோன்றும். ஆனால் 233 குடும்பங்களுக்குக் கொடுத்துப் பாருங்கள். ஆளுக்கு 23,04,167 ரூபாய், மிச்சம் பூஜ்யம்.

இந்த 29-இல் ஒரு பெரிய கணித அறிஞரே சறுக்கியிருக்கிறார். இத்தாலியின் கத்தால்டி 1603-இல் வெளியிட்ட நூலில், 29 நாள் தொகையும் பகா எண், 31 நாள் தொகையும் பகா எண் என்று எழுதினார். 135 ஆண்டுகள் கழித்து, 1738-இல் ஆய்லர் என்ற சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் அந்த 233-ஐக் கண்டுபிடித்து, 29 பற்றிச் சொன்னது தவறு என்று காட்டினார். 31 பற்றிச் சொன்னது சரிதான். ஆனால் கத்தால்டி அதற்கு ஆதாரம் எதுவும் தரவில்லை. இஸ்னாத் இல்லாத செய்தி உண்மையாகவே இருந்தாலும் மதரஸாவில் அதை ஏற்க மாட்டார்கள் அல்லவா? கணிதத்திலும் அப்படித்தான். 31-க்கான ஆதாரத்தை 1772-இல் ஆய்லரே கொடுத்தார்.

அவர் அதைச் செய்த விதம் அழகானது. 214 கோடி வரை ஒவ்வொரு எண்ணாக வகுத்துப் பார்க்க ஓர் ஆயுள் போதாது. முதல் சலுகை எல்லோருக்கும் தெரிந்தது. ஓர் எண்ணுக்குப் பங்கு இருந்தால் அது ஜோடியாகத்தான் வரும். 12 என்றால் 3-உம் 4-உம். ஜோடியில் சிறியது, எண்ணின் வர்க்கமூலத்தைத் தாண்டாது. 46,340-ஐ அதனாலேயே பெருக்கினால் நம் எண்ணுக்குச் சற்றுக் கீழே வருகிறது, 46,341-ஐ அதனாலேயே பெருக்கினால் மேலே போய்விடுகிறது. ஆகவே 46,340 வரை பார்த்தால் போதும். அதிலும் பகா எண்களை மட்டும் பார்த்தால் போதும். ஆனால் அவையே நான்காயிரத்துக்கும் மேல் இருக்கின்றன.

இரண்டாவது சலுகை இந்த வகை எண்களுக்கே உரியது. 29 நாள் தொகை 233, 1,103, 2,089 என்ற மூன்று பகா எண்களின் பெருக்கல். மூன்றையும் 29-ஆல் வகுத்துப் பாருங்கள், மூன்றிலும் மீதி 1. இது தற்செயல் இல்லை, விதி. நாட்களின் எண்ணிக்கை பகா எண்ணாக இருந்தால், அந்தத் தொகையை வகுக்கும் எந்தப் பகா எண்ணும் அந்த நாட்களால் வகுபடும்போது மீதி 1 தர வேண்டும். இன்னொரு விதி: 2-ஐத் தவிர்த்த அப்படிப்பட்ட நாள் கணக்குகளில் 8-ஆல் வகுத்தாலும் மீதி 1 அல்லது 7தான் வரலாம். மேலே உள்ள மூன்று எண்களிலும் இதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த இரண்டு விதிகளையும் 31-க்குப் பொருத்தினால் 248 எண்கள் கொண்ட ஒவ்வொரு வரிசையிலும் இரண்டே இரண்டு எண்கள்தான் தேறும். அந்த இரண்டும் 248-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 63 தருபவை. 46,340 வரை எண்ணினால் சுமார் 370 எண்கள். அதிலும் 3-ஆல், 5-ஆல் வகுபடுபவை தாமாகக் கழிந்துவிடும். முதலில் சோதிக்க வேண்டிய பகா எண்ணே 311தான். அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. 311-ஆல் வகுத்தால் 35 மிச்சம். அடுத்தது 1,303. இப்படிக் கடைசி வரை போனதில் ஒன்றுகூட மிச்சமில்லாமல் வகுக்கவில்லை. நம் எண் பகா எண்தான் என்பது உறுதியாயிற்று. அப்போது ஆய்லருக்கு வயது 65. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் இருந்தார். கண் பார்வை கிட்டத்தட்ட முழுவதும் போயிருந்தது.

இதில் நம்மவர்களின் பங்கு என்ன என்று சிலர் கேட்பீர்கள். இருக்கிறது, அதுவும் நேரடியாகவே. 6 என்ற எண்ணை எடுங்கள். அதை மிச்சமின்றி வகுக்கும் அதனினும் சிறிய எண்கள் 1, 2, 3. கூட்டினால் 6. 28-க்கு 1, 2, 4, 7, 14. கூட்டினால் 28. இவற்றை நிறைவெண்கள் என்பார்கள். அடுத்தவை 496-உம் 8,128-உம். நம் உண்டியல் கணக்கில் தொகை பகா எண்ணாக இருந்தால், அந்தத் தொகையைக் கடைசி நாள் காசால் பெருக்கினால் ஒரு நிறைவெண் கிடைக்கும் என்று கிரேக்க அறிஞர் யூக்ளிட் நிறுவியிருந்தார். மூன்று நாள் தொகை 7, கடைசி நாள் காசு 4, பெருக்கினால் 28. இதற்கு மறுதலையாக, இரட்டைப்படை நிறைவெண்கள் எல்லாம் இந்த வழியில்தான் வரும் என்று சொல்லி, அதை நிறுவவும் முயன்றவர் பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் மறைந்த இப்னுல் ஹைதம். இது சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு. அதை முழுமையாக நிறுவியவரும் பின்னாளில் வந்த ஆய்லர்தான்.

எகிப்தைச் சேர்ந்த இப்னு ஃபல்லூஸ் 13-ஆம் நூற்றாண்டில் பத்து நிறைவெண்களுக்கு ஓர் அட்டவணை போட்டார். அதில் முதல் ஏழும் சரி, ஏழாவது 137438691328. கடைசி மூன்றும் தவறு. அவர் பிடிக்க முடியாமல் போன எட்டாவது நிறைவெண் எது தெரியுமா? நம் 31 நாள் தொகையை அந்த மாதக் கடைசி நாளின் காசால் பெருக்கி வருவது: 2305843008139952128. ஐந்து நூற்றாண்டுகளுக்கும் மேலாக அது காத்திருந்தது. தவறிய மூன்றையும் மறைத்து ஏழை மட்டும் பெருமையாகச் சொல்லலாம்தான். பத்து வரை கைக்கணக்காகப் போய்ப் பார்த்த துணிச்சலையும் சேர்த்துச் சொல்வதே எங்களுக்கு நியாயமாகப் படுகிறது.

இப்னுல் ஹைதம் பகா எண்களுக்கு இன்னொரு குணத்தையும் சொல்லியிருக்கிறார். 7-ஐ எடுத்து அதற்குக் கீழே உள்ளவற்றை எல்லாம் பெருக்குங்கள்: 1×2×3×4×5×6=720. ஒன்றைக் கூட்டினால் 721. அது 7-ஆல் சரியாக வகுபடும். 6-க்கு இதைச் செய்தால் 121 வரும், அது 6-ஆல் வகுபடாது. பகா எண்ணாக இருந்தால் மட்டுமே வகுபடும். இன்று பாடநூல்களில் இது வில்சன் தேற்றம் என்று ஓர் ஆங்கிலேயரின் பெயரில் இருக்கிறது. நம் எண்ணுக்கும் இது பொருந்தும். ஆனால் 214 கோடி எண்களைப் பெருக்கி யார் சரிபார்ப்பது? அதனால்தான் ஆய்லரின் வழி தேவைப்பட்டது.

இடையே ஒரு வேண்டுகோள். இந்த எண்ணில் ஏதேனும் மறைபொருள் தேடி, குர்ஆனின் ஆயத்து எண்களோடு முடிச்சுப் போட்டு வாட்ஸ்அப்பில் சுற்றுக்கு விட வேண்டாம். அல்லாஹ்வின் வேதத்துக்கு அந்தச் சாட்சி தேவையில்லை, கணிதத்துக்கும் தேவையில்லை.

இப்போது நேர்காணல் அறையில் நாங்கள் கேட்ட கேள்விக்கு வருவோம். அதே கேள்வியை எங்களுக்கு முன்பே ஒருவர் கேட்டு, பதிலும் சொல்லியிருக்கிறார். இங்கிலாந்தின் பீட்டர் பார்லோ 1811-இல் எழுதிய எண் கணித நூலில், அந்த எட்டாவது நிறைவெண்தான் மனிதர்கள் கண்டுபிடிக்கப்போகும் நிறைவெண்களிலேயே பெரியது என்றார். காரணம், இவை வேடிக்கையானவையே தவிரப் பயனுள்ளவை அல்ல, இதற்கு மேல் தேட யாரும் மெனக்கெட மாட்டார்கள் என்பது. 65 ஆண்டுகளில், 1876-இல், லூக்காஸ் என்ற பிரெஞ்சுக்காரர் 127 நாள் உண்டியலின் தொகை பகா எண் என்று நிறுவினார். அது 39 இலக்க எண். இன்று அறியப்பட்டதில் மிகப் பெரிய பகா எண்ணும் இதே உண்டியல் வகைதான். 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட அதற்கு 4,10,24,320 இலக்கங்கள். யாரும் மெனக்கெட மாட்டார்கள் என்ற கணிப்பின் கதி இது.

பயனில்லை என்றாரே, அதன் கதி இன்னும் சுவையானது. பார்லோ ஒதுக்கிய எண்ணிக்கையின் உள்ளே இருந்த நம் 2,14,74,83,647, இன்று உலகக் கணினிகளில் மிகவும் புழங்கும் எல்லைக்கோடாக இருக்கிறது. கணினி எண்களைச் சுவிட்சு வரிசையாக வைத்துக்கொள்கிறது. முதல் சுவிட்சு 1, அடுத்தது 2, அடுத்தது 4, அடுத்தது 8. நம் உண்டியலேதான். பல பத்தாண்டுகளாக ஓர் எண்ணுக்கு 32 சுவிட்சுகள் ஒதுக்குவது வழக்கம். அதில் ஒன்று கூட்டலா கழித்தலா என்ற குறிக்கு. மீதி 31-ஐயும் போட்டுவிட்டால் வருவது 2,14,74,83,647. அதற்கு மேல் ஒன்றைக் கூட்டினால், ஸ்கூட்டர் மீட்டர் 99,999-க்குப் பின் பூஜ்யத்துக்குத் திரும்புவது போல, எண் சுற்றிக்கொண்டு கழித்தல் 2,14,74,83,648-க்குப் போய்விடும். பணத்தைப் பைசாவில் இப்படிக் கணக்கு வைக்கும் மென்பொருள் 2 கோடியே 14 லட்சத்து 74 ஆயிரத்து 836 ரூபாய் 47 காசுக்கு மேல் ஒரு பைசாகூடத் தாங்காது.

2014 டிசம்பரில் ஒரு கொரியப் பாடலின் யூடியூப் பார்வை எண்ணிக்கை இந்த எல்லையைத் தொட்டபோது அந்த நிறுவனம் தன் எண்ணியையே மாற்ற வேண்டிவந்தது. அது வேடிக்கை. 2015-இல் வந்தது வேடிக்கை இல்லை. போயிங் 787 விமானத்தை மின்சாரம் நிறுத்தாமல் 248 நாள் தொடர்ந்து வைத்திருந்தால், மின்னாக்கிகளைக் கட்டுப்படுத்தும் பெட்டிகளுக்குள் இருக்கும் எண்ணி நிரம்பிவழிந்து மின்சாரமே போய்விடக்கூடும் என்று அமெரிக்க விமானப் பாதுகாப்பு அமைப்பு எச்சரித்து, அவ்வப்போது நிறுத்தி இயக்க உத்தரவிட்டது. விநாடிக்கு 100 வீதம் எண்ணினால் நம் எண் 248 நாளில் நிரம்பும். (ஆய்லரின் 248-க்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தற்செயல்.)

நமக்கு வரப்போவது 2038. பல கணினிகள் நேரத்தை 1970 ஜனவரி 1 முதல் கழிந்த விநாடிகளாக எண்ணுகின்றன. 32 சுவிட்சில் எண்ணுபவற்றுக்கு 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடியில் நம் எண் வந்துவிடும். அடுத்த விநாடி அவை 1901 டிசம்பருக்குப் போய்விடும். புதிய கைபேசிகளும் கணினிகளும் 64 சுவிட்சுக்கு மாறிவிட்டன, அவற்றுக்கு 29,200 கோடி ஆண்டுகள் வரை கவலை இல்லை. பழைய கருவிகளுக்குள் பொதிந்துகிடக்கும் மென்பொருள்தான் பிரச்சினை. 2038 தூரம் என்று எண்ண வேண்டாம். வக்ஃபு கட்டடத்துக்கு 20 ஆண்டுக் குத்தகை எழுதி, முடியும் தேதியைக் கணினியில் ஏற்றினால் அந்தக் கோட்டை இன்றே தாண்டிவிடுகிறோம். அலுவலகத்துக்கோ கடைக்கோ கணக்கு மென்பொருள், வருகைப்பதிவுக் கருவி வாங்குபவர்கள் 2038-க்குப் பின்னான ஒரு தேதியைப் போட்டுக் காட்டச் சொல்லி வாங்குங்கள்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த எல்லைக்கோடாக இருப்பதற்கு அது பகா எண்ணாக இருக்க வேண்டிய அவசியமில்லை. 16 சுவிட்சு எல்லையான 32,767 பகா எண் இல்லை, அது 7×31×151. 64 சுவிட்சின் எல்லையும் 7-ஆல் வகுபடும். 32-க்கு அமைந்தது தற்செயல். ஆனால் அந்தத் தற்செயலையும் மனிதர்கள் வீணாக்கவில்லை. ஹஜ் பயணிகளுக்குக் குர்ஆ போடுவது போல, கணினியில் சீட்டுக் குலுக்க வேண்டிய வேலைகள் ஏராளம். அதற்குப் பல ஆண்டுகளாகப் புழங்கிவரும் ஒரு முறை: ஓர் எண்ணை 16,807-ஆல் பெருக்கு, 2,14,74,83,647-ஆல் வகு, மீதியை எடு, அதையே மறுபடி பெருக்கு. 1-இல் தொடங்கினால் 16807, 282475249, 1622650073 என்று எண்கள் ஒழுங்கின்றிக் குதித்துக்கொண்டு வரும். 214 கோடிச் சீட்டுகளும் தலைக்கு ஒருமுறை வந்து முடிந்த பிறகுதான் பழைய சீட்டு திரும்பி வரும். ஒன்று விடுபடாது, ஒன்று இரண்டு முறை வராது. இங்கே பகா எண் என்ற குணம்தான் வேலை செய்கிறது. வகுக்கும் எண்ணுக்குப் பங்கு இருந்தால் சில சீட்டுகள் ஒருபோதும் வெளியே வராமல் போகும். (வங்கிப் பூட்டுக்கு இந்த எண் உதவாது. அங்கே நூற்றுக்கணக்கான இலக்கங்கள் கொண்ட பகா எண்கள் வேண்டும்.)

ஒத்திவைத்த விண்ணப்பம் சென்ற மாதக் கூட்டத்தில் ஏற்கப்பட்டது. அல்ஹம்துலில்லாஹ், முதல் ஆண்டுக் கட்டணம் கல்லூரிக்கே நேரடியாகச் செலுத்தப்பட்டுவிட்டது. காசோலை வாங்க வந்த அன்று அந்த மாணவியிடம் 311 கணக்கைச் சொன்னோம். பழைய ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் வகுத்துப் பார்த்து, "35 மிச்சம்" என்று வாப்பாவிடம் காட்டியது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தானும் ஒருமுறை வகுத்துப் பார்த்தார்.

மக்தப் பிள்ளைகளுக்கு: 2,14,74,83,647-ஐ 1,303-ஆல் வகுத்தால் வரும் மீதி என்ன? தாளில் வகுத்த கணக்கோடு, பெயரும் வகுப்பும் எழுதி, அடுத்த இதழ் வருவதற்குள் அலுவலகத்தில் கொடுங்கள். சரியாகச் செய்த எல்லோருக்கும் ஜியோமெட்ரி பாக்ஸ் உண்டு, இன்ஷா அல்லாஹ். கைபேசியில் போட்டுப் பார்த்த விடை ஏற்கப்படாது.